கசந்ததா என்று கேட்டார்கள்

ஜூன் 4, வியாழன்

பந்தலில் முதல் சுரைக்காய் முழங்கை நீளத்துக்கு இறங்கிவிட்டது. போன வருடக் காயிலிருந்து நானே எடுத்து, சாம்பலில் புரட்டி வைத்த விதை. கடை விதை இல்லை, கடை உரம் இல்லை. ஆபீஸ் ஆவண அறையில் இதைச் சொல்லிச் சொல்லியே எல்லோர் காதும் புளித்திருக்கும்.

போன மாதம் தக்காளி புளிக்கிறது என்று இவர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் பேசவில்லை. சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனாலும் கண்ணும் கருத்துமாக வளர்த்தவளுக்குத்தானே அந்த வலி தெரியும்?

ஜூன் 6, சனி

காலையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. பாதி முகம் என்னுடையதாகவே இல்லை. இன்று சூடாக எதுவும் கூடாதாம். ஆறிய பால்தான்.

இருந்தாலும் சுரைக்காயை விட மனமில்லை. பாதியை அடுத்த வீட்டுத் தையல்காரம்மாவிடம் கொடுத்தேன். மீதியில் இவருக்குச் சூப். மரத்த நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கைக்கணக்கு தப்பாது என்று இறக்கிவிட்டேன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"உன் தோட்டமாச்சே," என்றார்.

இரண்டு கிண்ணம் குடித்தார். பல்வலியே பாதி போன மாதிரி இருக்கிறது.

ஜூன் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சு. மடியில் வைத்து எழுதுகிறேன்.

நேற்று மூன்று மணிக்கு வாந்தி ஆரம்பித்தது. வயிறும் சேர்ந்து போனது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நாலு மணிக்குக் கழுவுதொட்டியில் சிவப்பாக — முதலில் அது ரத்தம் என்றே எனக்குப் புரியவில்லை. தக்காளி சாப்பிடவில்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மடச்சி.

டாக்ஸியில் என் மடியில் சாய்ந்திருந்தார். கை சில்லென்று இருந்தது.

கண்ணாடி போட்ட பெண் டாக்டர் கேட்டார்: "என்ன சாப்பிட்டார்?"

"வீட்டுத் தோட்டத்துக் காய்தான் டாக்டர். மருந்தே அடிக்காதது."

அப்போதும் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அந்த நேரத்திலும்!

"என்ன காய்?"

"சுரைக்காய்."

டாக்டர் என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் குனிந்தார். "கசந்துச்சா?"

இவர் முதலில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை. கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்கும் பிள்ளை பார்க்கிற மாதிரி. பிறகுதான், "ஆமா."

"ரொம்பவா?"

"வாயில வைக்க முடியல."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கசப்பு ஏறிய சுரைக்காய் விஷமாம். வேகவைத்தாலும் போகாதாம். குடலையே புண்ணாக்கிவிடுமாம். இருபது வருடமாகச் சுரைக்காய் சமைக்கிறேன், எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொடுத்த பாதி! தையல்காரம்மா வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை தையல் மெஷின் சத்தத்தோடு குரல் வந்தது. "அந்தச் சுரைக்காய சமைச்சிட்டியா?" என்று கத்தினேன்.

"இல்லக்கா… நறுக்கும்போது ஒரு துண்டு வாயில போட்டேன். குமட்டிட்டு வந்துச்சு. குப்பையில போட்டுட்டேன்."

"எப்ப?"

"நீங்க குடுத்த கொஞ்ச நேரத்துலேயேக்கா."

அதாவது இவர் சூப் குடிப்பதற்கு முன்பே.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

மெஷின் நின்றது. "உங்க மனசு கஷ்டப்படும்னுதான்க்கா."

ஜூன் 8, திங்கள்

விழுந்த ரத்த அழுத்தம் இன்னும் ஏறவில்லை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.

ஜூன் 9, செவ்வாய்

ஏறிவிட்டது. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உள்தோல் முழுக்க ரணம், ஆனால் ஆறிவிடும் என்கிறார் டாக்டர். ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள்.

என்ன கேட்க வேண்டும் என்று எவ்வளவோ யோசித்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். "ஏங்க சொல்லல?"

"பல்லு பிடுங்கின வலியோட நின்னு செஞ்ச. ஒரு கிண்ணம்தானேன்னு முழுங்கிட்டேன்."

"ரெண்டாவது கிண்ணம்?"

"நீ ஊத்திட்டியே."

சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது. நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

நீ ஊத்திட்டியே. நான் ஊத்திட்டேன்.

ஜூன் 11, வியாழன்

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். பந்தலில் இன்னொரு காய், அதே வாளிப்பு. ஒரு துண்டு கிள்ளி நுனிநாக்கில் வைத்தேன். அவ்வளவுதான். காதுவரை கசந்தது. துப்பினேன், கொப்பளித்தேன், மறுபடி கொப்பளித்தேன். கண்ணில் தண்ணீர்.

இதையா? இதையா இரண்டு கிண்ணம்?

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் மூக்குக்கு ஃப்ரேம் சரிசெய்கிற மனிதர். காது மடலில் கொஞ்சம் உறுத்தினால்கூடக் கழற்றித் திருத்திக் கொடுப்பார். அவர் என் எதிரில் உட்கார்ந்து, முகம் சுளிக்காமல் இதைக் குடித்திருக்கிறார். என்னிடம் உண்மை சொல்வதைவிட இது சுலபமாக இருந்திருக்கிறது. நான் அவ்வளவு பொல்லாதவளா? யாரும் சொல்லவே இல்லையே — யார் சொல்வார்கள்? தக்காளிக்கு இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவளிடம்?

கொடியை வேரோடு பிடுங்கினேன். இலை, காய், விதை டப்பா, எல்லாம் குப்பைக்கு.

ஜூன் 13, சனி

நாற்றுப் பண்ணைக்காரரிடம் போனேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "பக்கத்துல எங்கயாவது அழகுக்கு வளர்க்கிற குடுவைச் சுரை இருந்துச்சா?"

என் வீட்டு வாசலிலேயே இருந்தது. போன வருடம் நான்தான் வைத்தேன். காயவைத்து வர்ணம் பூசி மாட்டலாம் என்று.

"அதோட மகரந்தம் கலந்திருக்கும்மா. காயப் பார்த்தா தெரியாது, அதோட விதையில வர்ற செடியிலதான் தெரியும். சுரையோ வெள்ளரியோ, ஒரு துண்டு கிள்ளி நாக்குல வச்சுட்டுத்தான் அடுப்புல ஏத்தணும். கசந்தா துப்பிடணும்."

விதைப் பொட்டலம்! அதே விதையை ஆபீஸில் நான்கு பேருக்குக் கொடுத்திருந்தேன். அங்கேயே நின்று நான்கு பேருக்கும் போன் செய்தேன். ஒருவர்கூட விதைக்கவில்லை. "டிராயர்லயே இருக்கு மேடம்" என்றாள் ஒருத்தி. ஆனால் போன வாரம் அவள்தான் "கொடி ஓடுது மேடம்" என்று என்னிடம் சொன்னவள்.

நல்லவேளை என்று உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுதேன் என்று சரியாகத் தெரியவில்லை. பண்ணைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

ஜூன் 16, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஜூலை 5, ஞாயிறு

பீன்ஸ் பறித்தேன். இந்தத் தடவை முதல் வாய் நான். பிறகு இருவரும் சாப்பிட்டோம். பாதியில் கரண்டியை வைத்தார். நானும் வைத்துவிட்டேன்.

"வயித்த ஏதும் பண்ணுதா?"

"இல்ல." என் முகத்தைப் பார்த்தார். "முத்திப்போச்சு. நார் நாரா இருக்கு."

சுள்ளென்று ஏறியது. மறைப்பானேன்? கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பின்னால் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது.

குழாயை மூடிவிட்டுத் திரும்பி வந்தேன். "ஆமா, நார்தான். நானும் கவனிச்சேன்," என்றேன். "வேற என்ன சொல்லாம வச்சிருக்கீங்க?"

"எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பின்னாடி அந்த மூலையில, காலை வெயில் விழும் பாரு. அங்க ஒரு நாற்காலி போட்டு உக்காரணும்னு இருந்துச்சு. நீ முழுக்கப் பாத்தி போட்டுட்ட."

"எப்பலேருந்து?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து."

ஆறு வருடம்.

ஜூலை 12, ஞாயிறு

பந்தல் கம்புகளைக் கழற்றி, மூலைப் பாத்தியைச் சமன்செய்து, நாற்காலி போட்டேன். அவர் டீயோடு வந்து உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கு?"

"வெயில் கண்ணுல குத்துது."

தள்ளிப் போட்டேன்.

"இப்ப?"

"இப்ப கால் ஆடுது."

அடியில் ஒரு ஓட்டுத் துண்டை முட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்ததற்காக நின்றேன்.