தாய்க்கு வாங்கிய வீடு

வுப்பர்டால், நவம்பர் 12

காலையில் எழுந்ததும் தேநீர்கூடப் போடாமல், மகள் அபிரா கொண்டாடும் அந்த அமெரிக்க ராப் பாடகனைப் பற்றிக் கைபேசியில் படித்தேன். பள்ளியைப் பாதியில் விட்டவன், இன்று பெரும் பணக்காரன். அவளும் தாதிப் பயிற்சியை விட்டு, பெர்லினுக்குப் பாடப் போகிறாளாம். பதினேழு வயதுதான். பயிற்சியை நிறுத்த என் கையெழுத்து வேண்டும்.

"ராப் சோறு போடுமோ?" என்றேன்.

"அவன் முதல் காசில தாய்க்கு வீடு வாங்கினவன், அம்மா. நானும் வாங்கித் தருவன்."

"எனக்கு இந்த வீடு காணும், வேற வேண்டாம்."

"மூண்டாம் மாடி, லிப்டும் இல்லை. முழங்கால் நோகுதெண்டு புலம்புறது ஆராம்?"

சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் அவன் தாய் கடைசிவரை தனியாகவே இருந்தாள் என்று படித்ததைச் சொல்லவில்லை. என் கணவர் செத்தபின் இங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

மாலையில் பயிற்சி முடிந்து வந்தவள் உள்ளே வராமல் படியில் அமர்ந்து மெல்லப் பாடினாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஜெர்மன் பாட்டு. அவள் அப்பா உணவகத்தில் கோப்பை கழுவிய கைகளைப் பற்றியது. அவர் செத்த நாளிலிருந்து என்னிடம் அவரைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவள்.

கதவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போகிறேன்.