மகஜரில் என் கையெழுத்து

புரட்டாசி 6, செவ்வாய்

வெயில் சித்திரை மாதிரி. காலையில் கத்தரிக்குத் தண்ணீர். கிணறு அடி தட்டுகிறது.

இன்று என்னிடம் ஒருவர் கையெழுத்துக் கேட்டார்! கேட்டது சப்-இன்ஸ்பெக்டர். பாளையம்பட்டி டீக்கடையில் இருந்தேன். ஜீப் வந்து நின்றது. "கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஆளு ரெண்டு பேரு வாங்கய்யா." டீக்கடைக்காரர் எழுந்தார். நானும் கையைத் தூக்கிவிட்டேன், முதியோர் வகுப்பில் தூக்குகிற மாதிரி.

பின்னால் பஞ்சு குடோன். சீட்டாட்டம் பிடித்திருக்கிறார்கள். ஆறு பேர் குத்தவைத்து, முகத்தைத் துண்டால் மூடி. ஒரு கண்டக்டர் தோல்பை. அதிலிருந்து எஸ்.ஐ. ஒரு சீட்டுக்கட்டு எடுத்தார். "மூலையத் தடவிப் பாரும் பெருசு." தடவினேன். ராசா, ஆசு எல்லாவற்றிலும் ஊசிக் குத்து. கண் வேண்டாம், விரலுக்கே தெரியும்.

பார்த்ததை எழுதிச் சாட்சியிடம் கையெழுத்து வாங்கும் காகிதத்துக்கு மகஜர் என்று பெயர். டீக்கடைக்காரர் வாசிக்காமல் போட்டார். நான் வாசித்துவிட்டுத்தான் போடுவேன் என்றேன். ஏட்டு சிரித்தார். "நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள பொங்கல் வந்துருமேய்யா." எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்தேன். பாதியில் "மாரிச்சாமி, பஸ் கண்டக்டர், இவரது பையில்" என்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது துண்டு கொஞ்சம் விலகியது. என் மருமகன்.

எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. எஸ்.ஐ. பேனாவை நீட்டியபடி நின்றார். போட்டேன்.

எழுத்து நன்றாக விழுந்தது. அதற்குச் சந்தோஷப்பட்டேன். அதை யாரிடம் சொல்ல.

புரட்டாசி 8

மேகம் மட்டும். மழை இல்லை.

புகார் கொடுத்தது வேலுச்சாமி. முதியோர் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவர். (பேர் நீளம். இனி வே.) போன மாதம் சீட்டில் செவலை மாட்டு ஜோடியைத் தோற்றாராம், மாப்பிள்ளையிடம். எனக்குத் தெரியாது. மாடு அந்த வாரமே சந்தைக்குப் போய்விட்டது. குத்துச்சீட்டு என்று பிறகு யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். நேரே ஸ்டேஷன். "நீயும் ஆடினவன்தானய்யா, உன் மேலயும் கேஸ் விழும்" என்றாராம் எஸ்.ஐ. "விழட்டும். ஆடுனதுக்கு என்னையப் பிடிங்க. ஏமாத்துனதுக்கு அவனப் பிடிங்க." இப்படிச் சொன்னாராம்.

மகள் லட்சுமி வந்தாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அறுபது வருசம் கைநாட்டு வச்சீக. ஒருத்தர் குடும்பமும் கெடல. பேனா பிடிச்சு ஆறு மாசம் ஆகல, எங்குடும்பத்தக் கெடுத்தாச்சுல்ல?"

"நான் எழுதலத்தா. போலீஸ்காரவுக எழுதுனாக."

"கீழ யாரு பேரு இருக்கு?"

சோறு போட்டேன், தொடவில்லை.

ஐப்பசி 12

நல்ல மழை. கரிசல் ஊறிவிட்டது. எல்லோரும் ஏர் கட்டிவிட்டார்கள்.

வே. காடு மட்டும் சும்மா கிடக்கிறது. வாடகை மாட்டுக்கு அலைகிறார். மாடு வைத்திருக்கிறவர்கள் தங்கள் காட்டை முடித்துவிட்டுத்தான் தருவார்கள். அதற்குள் ஈரம் போய்விடும். பருத்தி போடாவிட்டால் அடுத்த வருடம் வரை என்ன செய்வார்.

வகுப்புக்கு நனைந்து வந்தார். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுதான் வேதனை. "அண்ணே, மருமகன்னு தெரிஞ்சும் போட்டீகள்ல. அது போதும். கோர்ட்டுலயும் பாத்தத அப்படியே சொல்லிருங்க."

தலையை ஆட்டினேன். ஆட்டியது உண்மை.

தை 20

பனி. முழங்கால் வலி.

இதுவரை நானாக வாசித்தவை: பஸ் போர்டு. தீப்பெட்டி. மில் கேட். இரண்டு கல்யாணப் பத்திரிகை. ஒரு மகஜர். இன்று, சம்மன்.

மாப்பிள்ளையும் லட்சுமியும் அருப்புக்கோட்டைக்கு வக்கீலிடம் கூட்டிப் போனார்கள். வக்கீல் சொன்னது: "சீட்டு ஆடுனது அபராதத்தோட போயிரும் பெரியவரே. குத்துச்சீட்டு வச்சு ஏமாத்துனார்னு ஆச்சுன்னா நானூத்தி இருபது. ஏழு வருசம் வரைக்கும் போடலாம். வேலையும் போயிரும்."

சீட்டில் ஏமாற்றுவது வேறு குற்றம் என்று இன்றுதான் தெரியும். ஒரு சட்டம் ஆடாதே என்கிறது. இன்னொரு சட்டம் ஆடினால் ஒழுங்காக ஆடு என்கிறது.

டீக்கடைக்காரர் ஏற்கெனவே சாட்சி மாற ஒத்துக்கொண்டுவிட்டாராம். மிச்சம் நான். நான் சொல்ல வேண்டியதை வக்கீல் சொல்லிக்கொடுத்தார்: "எழுதப் படிக்கத் தெரியாது, பேரு மட்டும் போடப் பழகிருக்கேன், போடச் சொன்னாக போட்டேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீக."

மாப்பிள்ளை சிரித்தார். "நம்ம மாமா போன வருசம் வரைக்கும் கைநாட்டுதான சார். ஒருநாளைக்குத் திரும்ப கைநாட்டா இருக்க மாட்டாகளா?"

லட்சுமி சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளையில் பிடித்தது. "அய்யா, வேல போச்சுன்னா நான் ரெண்டு புள்ளைகளோட எங்க போவேன்" என்றாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தை 27

தூக்கம் இல்லை. சாப்பாடு இல்லை. கத்தரியில் பூச்சி.

வக்கீல் சொல்லிக்கொடுத்ததை வே.யிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். கோயிலுக்குப் போனேன். அங்கும் உபயதாரர் பேர்களைத்தான் வாசித்தேன், கும்பிடவில்லை.

மாசி 9

கோர்ட்.

கூண்டில் சத்தியம். அதன் பிறகு கண்ணோடு சண்டை. தானாக வாசிக்கிறது. சுவரில் "அமைதி காக்கவும்". காலண்டரில் ஜவுளிக்கடைப் பேர். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று தரையைப் பார்த்தேன்.

அரசு வக்கீல் மகஜரை நீட்டினார், தலைகீழாக. வேண்டுமென்றே கூட இருக்கலாம். கை அதை நேராகத் திருப்பப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதாங்கய்யா."

"என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சீரா?"

"வாசிக்கத் தெரியாதுங்கய்யா. பேரு மட்டும் போடுவேன்."

"சீட்டைத் தடவிப் பாத்தீரா?"

"இல்லீங்கய்யா."

நீதிபதி பேனாவை மூடிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறழ் சாட்சி என்று எழுதச் சொன்னார். இறங்கும்போது வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். வே. நின்றார். திட்டியிருந்தால் தேவலை.

மாசி 19

தீர்ப்பு. ஏமாற்றியது நிரூபணம் ஆகவில்லை. ஆடியதற்கு எல்லோருக்கும் ஒரே அபராதம். மாப்பிள்ளையும் வே.யும் ஒரே வரிசையில் நின்று கட்டினார்கள். முன்னால் மாப்பிள்ளை, பின்னால் வே.

லட்சுமி கேசரி கொடுத்துவிட்டாள். "நல்லாச் சொன்னீக மாமா, நானே நம்பிட்டேன்" என்றார் மாப்பிள்ளை. கேசரி அப்படியே இருக்கிறது. எறும்பு.

பக்கத்துக் காடுகளில் பருத்தி வெடித்துவிட்டது. வே. காட்டில் கோரை.

மாசி 21

வெயில் ஏறிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து வகுப்பு. போகாமல் இருக்க முடியவில்லை. வே. முன்னாலேயே வந்து, சுவர் ஓரமாக வேறு இடத்தில்.

டீச்சரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "அய்யா வந்துட்டீங்களா. நீங்களே இன்னைக்கு வாசிங்க" என்று புத்தகத்தைக் கொடுத்தார். எழுந்தேன்.

"அவருக்கு வாசிக்கத் தெரியாதும்மா" என்றார் வே. சத்தம் போடவில்லை. "கோர்ட்டுல சத்தியம் பண்ணிச் சொல்லிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்தார்.

கிணறு வெட்டுவது பற்றிய பாடம். முதல் வரி முழுசாகத் தெரிந்தது, எழுத்துக் கூட்டாமல், பார்த்தவுடன். இதுவரை எனக்கு ஒரு முழு வரி அப்படி வந்ததே இல்லை. வாசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.