ஆறு இருபதுக்கு என்ன செய்தேன்

ஆகஸ்ட் 11, திங்கள்

புத்தூரில் மேகமூட்டம். மழை போக்குக் காட்டிவிட்டுப் போயிற்று. என் முடக்குவாதத்துக்கு இந்த ஈரம் ஆகாது. விரலெல்லாம் வீக்கம். சாக்பீஸ் இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் வகுப்பு சிரிக்கவில்லை. நல்ல பிள்ளைகள்.

நெஞ்சுப் படபடப்பு மறுபடி. ஒரு மாதமாக. காரணம் எனக்குத் தெரியும்: மெடிக்கல் ஷாப் தாமோதரம். மனைவியை இழந்தவர். அட்டையிலிருந்து மாத்திரையை அமுக்கி எடுக்க என் விரலுக்குத் தெம்பில்லை என்று, ஒரு மாதத்துக்கானதை அவரே பிரித்தெடுத்து, தெலுங்கில் கிழமை எழுதிப் பொட்டலம் மடித்துத் தருவார். நாற்பத்தாறு வயதில், கல்யாணமே ஆகாதவளுக்கு, இப்படி ஒரு படபடப்பு. இதற்கு டாக்டர் எதற்கு?

ஆகஸ்ட் 13, புதன்

திருப்பதி. நல்ல வெயில். மாதாமாதம் பார்க்கும் மூட்டு டாக்டரம்மா நாடி பார்த்தார், முகம் மாறிவிட்டது. துடிப்பு தாளம் தப்புகிறதாம். முடக்குவாதம் மூட்டோடு நிற்காது, இதயத்தையும் தொடும் என்றார்.

அப்போ தாமோதரம் இல்லையா? பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். ஒரு மாதமாக நோயோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

இதய டாக்டரிடம் அனுப்பினார். நெஞ்சில் ஐந்து ஒட்டு, இடுப்பில் துடிப்பைப் பதிவு செய்யும் சின்னப் பெட்டி. நாளை வரை கழற்றக் கூடாது, குளிக்கக் கூடாது. எந்த நேரம் என்ன செய்தேன் என்று குறிக்க ஒரு தாள்.

3.00 பஸ். ஜன்னலில் தலை சாய்த்தேன். மலை கூடவே வந்தது, பிறகு காணோம்.
4.30 காபி.
5.15 பீன்ஸ் நறுக்கல். ஒரு பிடிக்கு அரைமணி.
6.20

அதற்குமேல் தாளில் எழுதவில்லை. இங்கே எழுதலாம். மெடிக்கல் ஷாப். பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்து, கீழே விழாமலிருக்க என் விரல்களை ஒவ்வொன்றாக அவரே மடக்கினார். வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது. இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. முடிவு சனிக்கிழமை. தலைக்குக் குளித்தேன், சுகம். மத்தியானம் கண்ணசந்ததில் யாரோ என் கையை மடக்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

தாளம் தப்பிய இடங்கள்: பஸ்ஸில். பீன்ஸ் நறுக்கும்போது. தூக்கத்தில். எனக்குத் தெரியவே இல்லை. ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமலிருக்கப் புது மாத்திரை, இரண்டு வேளை. நிறுத்தவே கூடாதாம். பயமாக இருக்கிறது.

டாக்டர் கம்ப்யூட்டரில் ஓரிடத்தைத் தொட்டார். "ஆறு இருபதுக்கு என்னம்மா பண்ணீங்க? தாள்ல ஒண்ணும் எழுதலையே. மாடி ஏறினீங்களா?"

மாத்திரை வாங்கினேன் என்றேன்.

"ரொம்ப வேகமா அடிச்சிருக்கு. ஆனா தாளம் தப்பல. அது நோய் இல்லம்மா."

புத்தூரில் இறங்கி நேரே கடைக்கு. தாமோதரம் சீட்டைப் படித்தார். பிறகு அட்டைகளை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஒரு மாசத்துக்கும் கட்டிக் குடுத்துடறேன் டீச்சர். இந்த ஒடம்ப வெச்சிக்கினு நீங்க அலைய வேணாம்."

"ஒரு வாரத்துக்குப் போதும்," என்றேன். "வாரா வாரம் வர்றேன்."

அவர் கை நின்றது.

மொத்தம் பதினாலே மாத்திரை. மூன்று தடவை எண்ணினார்.