கட்டிலில் உலர்ந்த கையெழுத்துகள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே “சரி சரி, பார்த்துக்கலாம்” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். உன் முதுகுவலி தேவலையா?

அம்மா விட்டுப்போன பெட்டிக்கு மதிப்புப் போட ஆள் வந்திருந்தார். நான் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தண்ணீர்கூடக் கேட்கவில்லை, மேஜைவிளக்கைத்தான் கேட்டார். அம்மாவின் கம்பெனிப் பாடகர் கையெழுத்திட்ட இசைத்தட்டு உறைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்து, தான் கொண்டுவந்த மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டார். பிறகு எல்லாவற்றையும் ஓரமாக ஒதுக்கி, “எல்லாமே போலிம்மா. யாரு போட்டது?” என்றார். பாடகர் அவற்றில் கையெழுத்திட்டபோது பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க நீ அனுப்பியிருந்த, உனக்குக் கையெழுத்திட்டு வந்த பாடகரின் புகைப்படத்தைக் காட்டியதும் மனிதர் முகமே மாறிவிட்டது. தான் பார்த்ததிலேயே நல்ல அசல் இதுதானாம். ஏலப் புத்தகத்தின் அட்டையில் போட வேண்டுமாம். இது பாடகர் தன் கையாலேயே எழுதியது என்று நான் ஒரு தாளில் உறுதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாள் கடத்திக்கொண்டிருக்கிறேன். காரணம் கேட்காதே.

உன்
அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி என்னோடு குடித்தனம் நடத்துகிறது, நன்றாகவே இருக்கிறது. நீதான் கரப்பான்பூச்சிக்கு ஒரு பயம், காகிதத்துக்கு ஒரு பயம் என்று இன்னும் அப்படியே இருக்கிறாய்.

உறைகள் போலி என்றால் போகட்டும். அம்மாவை யாரோ ஏமாற்றியிருப்பார்கள். என் படம் விற்பனைக்கு இல்லை, ஆனால் அட்டையில் வருவதானால் எனக்குச் சந்தோஷம்தான். விடுதியில் படித்த வயதில் நான் எழுதிய கடிதத்தைப் படித்து, அவ்வளவு பெரிய மனிதர் “பயப்படாதே தம்பி. ஆள் வரும்” என்று தன் கைப்பட எழுதி அனுப்பினார். நல்ல பள்ளிக்கூட விடுதியிலிருந்து என்னைப் பிடுங்கிக்கொண்டு வந்தாளே அம்மா, அதற்குப் பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்தப் படம் ஒன்றுதான். யோசிக்காமல் கையெழுத்துப் போடு.

உன்
தம்பி

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

அம்மா இசைத்தட்டுக் கம்பெனியில் தட்டச்சு செய்தாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். நீ விடுதியில் இருந்தாய். பாடகருக்கு வரும் ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக நம் வீட்டுக்கு வரும். பதில் போட அவருக்கு ஏது நேரம்? அவர் கையெழுத்தைப் பழகிக்கொள்ளச் சொல்லி, வேலையை அம்மா தலையில் கட்டியது கம்பெனி. வெளியே மூச்சுவிட்டால் வேலை போய்விடும். அவள் படங்களில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவாள், நான் கட்டிலில் பரப்பிக் காயவைப்பேன். ஊரெல்லாம் ரசிகர்கள் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அம்மாவின் கையெழுத்து. பூதக்கண்ணாடி கொண்டுவந்த மாதிரிகளும் அவள் போட்டவைதான். அதனால்தான் பாடகரே போட்டது அவருக்குப் போலியாகத் தெரிகிறது.

உன் படமும் அம்மா எழுதியதுதான். நீ வீட்டுக்கு வந்து அதை நீட்டியபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால் அம்மாவை மோசடிக்காரி என்பார்கள். சொல்லாமல் கையெழுத்துப் போட்டால் மோசடிக்காரி நான். இந்த இரண்டையும்விட, இதைப் படித்துவிட்டு நீ என்ன ஆவாயோ என்றுதான் அதிகம் பயமாக இருக்கிறது. மற்ற எல்லாப் படத்திலும் பெயரை மட்டும்தான் போடுவாள். உனக்கு மட்டும் ஏன் ‘ஆள் வரும்’ என்று எழுதினாள்? அப்படி என்னடா எழுதியிருந்தாய்?

உன்
அக்கா

ஜூலை 8

தம்பிக்கு,

பதிலே காணோம். போன் அடித்து அடித்து ஓய்கிறது. கோபமென்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

பூதக்கண்ணாடி நேற்றுப் போன் செய்தார். குரலில் மரியாதை குறையவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. “நீங்க கையெழுத்துப் போடலைன்னா, அந்தப் போலியெல்லாம் எந்த வீட்டுல இருந்து வந்துச்சுன்னு நான் சேகரிப்பாளர் சங்கத்துல சொல்லவேண்டி வரும்மா” என்றார். இருபதாம் தேதி நேரில் வருகிறார். வாசல் மணி அடித்தாலே விளக்கை அணைத்துவிடுகிறேன். இன்று பால்காரருக்குக்கூடக் கதவைத் திறக்கவில்லை. அம்மா இருந்த வீட்டில் இப்படி ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

அக்கா

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

கோபமில்லை. எடுத்த பேனாவைத் திரும்பத் திரும்பக் கீழே வைத்துவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த விடுதிக் காப்பாளர் என்னைச் சாமான் அறையில் தள்ளிப் பூட்டுவார். சில நாள் அவரும் உள்ளே வருவார். இதற்கு மேல் கேட்காதே. அந்தப் பள்ளியில் இடம் கிடைத்ததை அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள், அவளிடம் எப்படிச் சொல்வது? பாடகருக்கு எழுதினேன். கம்பெனி முகவரிதான். மாடியில் இருக்கும் அவருக்குப் போகும் கடிதத்தைக் கீழே தட்டச்சு செய்கிறவள் ஏன் தொடப்போகிறாள் என்று நினைத்தேன்.

படம் வந்தது. பாடகர் காரில் வந்து இறங்குவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் வந்தது அம்மா. கையில் காலிப் பை. என் துணிகளை அதில் திணித்தாள். ஏன் என்றதற்கு, “ஃபீஸ் கட்ட முடியலடா” என்றாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என் கையை அவள் விடவே இல்லை. பாடகர் வந்து பார்த்து, நான் இல்லாமல் ஏமாந்து போவாரே என்று நான் அழுதுகொண்டு வந்தேன். அந்தக் கோபத்தை அவள் போன அன்றுவரை வைத்திருந்தேன், உனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் படித்திருக்கிறாள், அக்கா. நான் கூசிப்போவேன் என்று தெரிந்து, படித்ததாகக் காட்டிக்கொள்ளாமலேயே இருந்துவிட்டாள்.

எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. அந்தப் படத்தில் எழுதியது எங்கள் அம்மா என்று நானே அவரிடம் சொல்கிறேன். சங்கத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். படத்தைத் தபாலில் அனுப்பிவிடாதே, அம்மாவின் மேஜைமேல் வை. டிக்கெட் எடுத்துவிட்டேன். கூரியரில் அனுப்புவதால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். இருபதாம் தேதி மணி அடித்தால் கதவை நான் திறக்கிறேன்.

பயப்படாதே அக்கா. ஆள் வரும்.

உன்
தம்பி