லிஃப்டில் நின்ற மாதா

அன்பு மகளுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அதைவிடச் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா கையிலிருந்து போன் என் கைக்கு வருவதற்குள் நீ வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய், அதுவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை.

உன் கல்யாணப் பூசையில் தியானப்பாட்டை யார் பாடுவது என்று பேச்சு வந்தபோது உன் சித்தி பாட்டு மாஸ்டரிடம், "அக்காவுக்கு சுருதி கொஞ்சம் இறங்கிடும்" என்று சொன்னாளே, அன்றைக்கு நின்றதுதான் அக்கா தங்கை பேச்சு. அவள் மூன்றாம் மாடி, நாம் இரண்டாம் மாடி, மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் வீட்டில் எதையோ மறந்துவிட்டு வந்த ஞாபகம் வந்துவிடும். ஆனால் பக்தியில் ஒரு குறையும் கிடையாது. தினமும் செபமாலை முடிந்ததும் உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, "அகந்தை பிடிச்சவங்க மனம் திரும்பணும்னு வேண்டிக்குவோம்" என்று கொஞ்சம் உரக்கவே சொல்வாள். சற்று நேரத்தில் மேலேயிருந்து, "பொறாமை பிடிச்சவங்களுக்காக வேண்டிக்குவோம்" என்று பதில் இறங்கி வரும். பங்குச்சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்பைப் பற்றி உருகி உருகிப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்ததும் உன் அம்மா போய், "அருமையான பிரசங்கம் சாமி, என் தங்கச்சி கவனிச்சாளான்னுதான் தெரியல" என்றாளாம். அவள் நகர்ந்ததும் சித்தி வந்து அதையே அக்காவுக்கு மாற்றிச் சொன்னாளாம். சாமியார் என்னிடம் சொல்லிவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

மனுஷர் அதோடு விட்டாரா? மாதா சுரூபம் வீடு வீடாகப் போகிற மாதம் இது. சித்தி வீட்டுக்கு அடுத்தது நம் வீடு என்று வேண்டுமென்றே போட்டுவிட்டார். சித்தி, "அக்கா மேல வந்து வாங்கிட்டுப் போகட்டும்" என்றாள். அம்மா, "வச்சிருக்கிறவங்கதான் கொண்டாந்து தரணும், அதுதான் முறை" என்று வாசலில் துணி விரித்து மெழுகுவத்தி ஏற்றிவைத்துக் காத்திருந்தாள். மாதா சபைத் தலைவி வேறு, பஞ்சாயத்துக்கு நான் வரட்டுமா என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் உன் சித்தப்பா என்னைத் தன் கண்ணாடிக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, யாருக்கோ பவர் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, சித்தியின் தொண்டையில் ஒரு கட்டி, அடுத்த வாரம் ஆபரேஷன், எப்படிப்பட்ட கட்டி என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், குரல் திரும்புமா என்பதையும் டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை என்றார். "அக்காகிட்ட சொன்னா பாத்துக்குங்கன்னு சத்தியம் வாங்கிட்டா சகலை" என்று கண்ணைத் துடைத்தார். இரண்டு ஆண்களும் சேர்ந்து போட்ட திட்டம் எப்படி இருக்கும்? அவர் மாதாவை ஒரு ஸ்டூலில் நிறுத்தி லிஃப்டில் வைத்துக் கம்பிக்கதவை இழுத்து மூடுவது, நான் கீழேயிருந்து பொத்தானை அமுக்கி வரவழைப்பது. யாரும் இறங்கவில்லை, யாரும் ஏறவில்லை, இருவர் கௌரவமும் பத்திரம்.

சாயங்காலம் அப்படியே செய்தோம். லிஃப்ட் பாதி இறங்கியதும் கரண்ட் போனது.

மாதா மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டாள். மேலே நின்றவர்களுக்குக் கிரீடமும் முகமும், கீழே நின்ற எங்களுக்குப் பாதமும் ஸ்டூல் கால்களும். கட்டடமே திரண்டுவிட்டது. மெக்கானிக் வருகிறவரை சும்மா நிற்பானேன் என்று உன் அம்மா முழங்காலிட்டு, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஆரம்பித்தாள். அதே நேரம் மேலே சித்தியும் அதையே ஆரம்பித்தாள். தலைமை தாங்குகிறவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்வதுதானே செபமாலை? இங்கே இருவரும் தலைமை. எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியாமல் சனங்கள் வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். நான் மட்டும் கரண்ட் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

இரண்டு பேரும் குரலை ஏற்றிக்கொண்டே போனார்கள். திடீரென்று மேல்குரல் கரகரத்து நடுவிலேயே அறுந்துபோனது. ஜெயித்துவிட்டோம் என்று உன் அம்மா அடுத்த மரியே வாழ்கவை கம்பீரமாகச் சொல்லி முடித்தாள். அப்போது மேலேயிருந்து, "புனித மரியே, இறைவனின் தாயே" என்று இரண்டாம் பாதி வந்தது. காற்று மட்டும் வருகிற மாதிரி ஒரு குரல். அக்கா ஆரம்பித்ததைத் தங்கை முடித்துக் கொடுக்கிறாள். அம்மா செபமாலையை மடியில் போட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அவ குரல் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். நான் ஸ்டூல் காலைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள், கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் மாடியேறிப் போனாள். மேலே என்ன பேசினார்கள் என்று கேட்காதே, பேசவேயில்லை என்கிறார் சித்தப்பா. சித்தியின் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். பிறகு இருவரும் ஒன்றாக எங்கள் இருவரையும் திட்டினார்கள், அந்தச் சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

இப்போது ஆபரேஷன் முடிந்து, கட்டி கெட்டது இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது, கர்த்தருக்குத் தோத்திரம். மாதா தானாகவே லிஃப்டை நிறுத்தினாள் என்று சபைத் தலைவி ஊரெல்லாம் சொல்லி, தெரியாதவர்களெல்லாம் வந்து லிஃப்ட் கதவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியேறிப் போகிறார்கள். கரண்ட் ஆபீஸ்காரர் அன்றைக்குத் தெரு முழுக்கத்தான் போச்சு என்றார், அவரை விசுவாசம் இல்லாதவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். சாமியார் எல்லாம் தன் ஏற்பாடு என்கிற மாதிரி ஒரு சிரிப்போடு பூசை வைக்கிறார். நாங்கள் இரண்டு சகலைகளும் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அற்புதம்தான் என்று சில சமயம் தோன்றுகிறது, அதை யாரிடமும் சொல்லிவிடாதே.

சித்தியை ஒரு மாதம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போன பேச்சையெல்லாம் பேசித் தீர்க்கிறாள். தப்பிக்க வழியில்லாமல் சித்தி கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறாள். ஆனால் அம்மா எழுந்தால் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள், சின்னவளுக்கு சிலுவை போடக் கற்றுக்கொடு, அவள் இடது கையால் போட்டாலும் அதட்டாதே. சேசு மரி சூசை உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் சித்திக்குப் போன் போடு. மறுபக்கம் சத்தமே வராது, லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டிரு அம்மா, அவள் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் நெற்றியில் இங்கிருந்தே சிலுவை வரையும்
உன் அப்பா