ஓ.எஸ். குளிசை தேடிய கதை

மச்சான்,

இன்று காலை ஆசுபத்திரி மருந்துக் கவுண்டரில் மகளின் குளிசைப் பக்கற்றை வாங்கினேன். ஒரு மாதத்துக்குரியது, முழுசாக. அதைக் கையில் பிடித்ததும் உன் சிரிப்புத்தான் காதில் கேட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருசமாகிறது. இதை வேறு யாரிடம் சொல்ல?

2022இல் நாட்டில் டொலர் முடிந்துபோனது. வெளிநாட்டிலிருந்து எதை இறக்குவது, எதை நிறுத்துவது என்று கொழும்பில் முடிவெடுத்தார்கள். அது இங்கே மகளின் வலிப்புக் குளிசையில் வந்து விழுந்தது. ஆசுபத்திரியில் மருந்துத் துண்டில் ‘ஓ.எஸ்.’ என்று எழுதித் திருப்பித் தந்தார்கள். என் இங்கிலிசுதான் உனக்குத் தெரியுமே. அது ஏதோ புது மருந்தென்று நினைத்து, மூதூரிலிருந்து ரவுன் கடைத்தெரு வரைக்கும் பாமசி பாமசியாக “ஓ.எஸ். குளிசை இருக்கோ?” என்று கேட்டு அலைந்தேன்.

துறைமுக வேலை முடிந்து வந்த நீ துண்டைப் பார்த்தாய். “டேய் மடையா, ‘அவுட் ஒஃப் ஸ்டொக்’, ஸ்டொக் இல்லையெண்டு எழுதியிருக்கு! இல்லாததையோ தேடித் திரிஞ்சனீ?” கதிரையோடு சரிந்து சிரித்தாய். சிரிப்பு நின்றதும் கேட்டாய்: “பிள்ளைக்கு எவ்வளவு கிடக்கு?”

“ஞாயிறு வரைக்கும்தான்.”

வெள்ளிக்கிழமை கிளினிக்கில், சனம் குந்தியிருக்கிற வாங்கு ஒன்றில் நீ ஏறி நின்றாய். “ஆரிட்டக் குளிசை மிச்சம் கிடக்கு? இல்லாத பிள்ளையளுக்குக் குடுப்பம்!”

டொக்டர் வெளியே வந்து ஏசினார். “இதென்ன மீன் சந்தையோ?”

“சந்தையில மீனாவது கிடக்கும், டொக்டர்.”

எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். பிறகு அவரே மேசை போட்டு, சனம் கொண்டுவந்ததை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பங்கிட்டார். அடுத்த மருந்து வரும்வரை எங்கள் கிளினிக்கில் ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு போகவில்லை. என் மகளுக்கு ஒருக்கால்கூட வலிப்பு வரவில்லை. வென்றோம், மச்சான்!

போன கிழமை ஊர் மண்டபத்தில் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த அரசாங்கப் பெரியவர் ஒருவர் நாடு நிமிர்ந்துவிட்டதென்று பேசினார். கல்யாண வீட்டிலேயே மைக்கைக் கண்டால் ஓடுகிற நான் எழும்பினேன்.

“ஐயா, இனியும் டொலர் குறைஞ்சா முதல்ல எதை வெட்டுவீங்கள்?”

அவர் தண்ணீர் குடித்தார். “அதை அப்ப பாப்பம்” என்றார். நான் திரும்பக் கதிரையில் இருக்கப் போனேன். பக்கத்தில் இருந்த மகள் என் சட்டையைப் பிடித்தாள்.

“இருக்காதேங்கோ அப்பா. அவர் இன்னும் பதில் சொல்லேல்லை.”

நான் நின்றேன். பின்னால் கிளினிக் தாய்மாரும் ஒவ்வொருவராக எழும்பினார்கள். “மருந்தில கைவைக்கமாட்டம்” என்று அவர் மைக்கில் சொன்ன பிறகுதான் எல்லாரும் இருந்தோம்.

மைக்கைக் கண்டால் இன்னும் பயம்தான். ஆனால் பயத்தோடேயே எழும்பி நிற்கப் பழகிவிட்டேன், மச்சான்.