கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும்

அன்பு மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகம்தானே? நான் சுகம். நீ அனுப்பிய வீட்டு வரைபடத்தில் என் குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்று. போன வாரம் விடுதிக் குளியலறையில் சறுக்கி, கதவை மறித்தபடி விழுந்துவிட்டேன். வெளியே சமையற்காரம்மா, "வார்டனம்மா, கொஞ்சம் நகருங்க, கதவைத் தள்ள முடியல" என்றாள். "நகர முடிஞ்சா நான் ஏன்டி தரையில கிடக்கேன்?" என்றேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே.

குளியலறைச் சுவரில் கைப்பிடி வேண்டாம் என்று வீம்பு பிடித்தேனே, அதையும் வைத்துவிடு. என் அறை வாசலோரம் தனியாக இருக்கிறது. நான் கேட்டதுதான். இருந்தாலும் உங்கள் அறைக்குப் பக்கத்தில் மாற்று. கூப்பிட்டால் கேட்கிற தூரம் போதும்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. அஸ்திவாரம் தோண்டுவதற்குள் கொத்தனாரிடம் சொல்லிவிடு.

அம்மா